ஏட்டுக்குகையைக் காத்த அழுங்கு

மருதங்காட்டில் சுருளன் என்று ஒரு அழுங்கு, அதாவது எறும்புத்தின்னி, இருந்தது. உடம்பெல்லாம் செதில். வாயில் பெயருக்குக்கூட ஒரு பல் கிடையாது. நாக்கு மட்டும் ஒரு முழம். யாராவது கொஞ்சம் உரக்கப் பேசிவிட்டால் போதும், தலையை வயிற்றுக்குள் செருகிப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். அப்படிப்பட்ட பிராணிக்குத்தான் காட்டிலேயே பெரிய உத்தியோகம் கிடைத்தது.

அந்தக் காட்டில் ஏட்டுக்குகை என்று ஒரு குகை உண்டு. புதிதாக எதையாவது தெரிந்துகொண்ட மிருகம் அங்கே வந்து கொண்டையன் என்ற மரங்கொத்தியிடம் அதைச் சொல்லும். கொண்டையன் அதைப் பனையோலையில் பொட்டுப் பொட்டாகக் கொத்தி, கயிற்றில் கோத்து உள்ளே வைக்கும். யார் வேண்டுமானாலும் வரலாம், எடுக்கலாம், வெயிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு பொட்டுகளைத் தடவிப் படிக்கலாம். எந்தக் கிழங்கு தொண்டையை அரிக்கும், எந்தப் பட்டை காய்ச்சலுக்கு ஆகும், ஓடையில் வெள்ளம் வருவதற்கு முன்னால் தண்ணீர் என்ன நிறமாகும் என்பதெல்லாம் அந்த ஏடுகளில் இருந்தது.

ஒரு மழைக்காலத்தில் மூன்று ஏடுகளைக் கரையான் அரித்துவிட்டது. மிருகங்கள் பதறிப் போய்க் கூட்டம் போட்டன.

வாலாயி என்ற மந்தி எழுந்து சொன்னது: "எதுக்கு இம்புட்டு யோசனை? கரையானையே சோறாத் திங்கறவன் ஒருத்தன் நம்மகிட்ட இருக்கான்ல? சுருளனைக் காவலுக்கு வைப்போம். அவனுக்கும் சாப்பாடாச்சு, ஏட்டுக்கும் காவலாச்சு."

எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. சுருளனைக் கேட்டார்கள். இத்தனை பேர் ஒரே நேரத்தில் தன்னைப் பார்த்ததில் அதற்கு வெட்கம் தாங்கவில்லை. சுருண்டுகொண்டது. சம்மதம் என்று எடுத்துக்கொண்டு எல்லாரும் கலைந்து போனார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, முதல் சில மாதங்கள் சுருளன் வேலையை ஒழுங்காகத்தான் பார்த்தது. ஏடுகள் போயின, வந்தன. ஒன்றிரண்டு கரையான் தலைகாட்டினால் நாக்கை நீட்டி இழுத்துக்கொண்டது. அரை வயிறுதான் நிறைந்தது. மீதி வயிற்றுக்கு ஓடைக்கரைப் புற்றுகளுக்கு நடந்து போய் வந்தது.

அப்புறம்தான் கருப்பட்டி என்ற கரடி ஒரு ஏட்டை எடுத்துப் போய்த் தேன் ஒட்டத் திருப்பிக் கொடுத்தது.

சுருளன் அதை வாங்கிப் பார்த்தது. ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து அந்தத் தேனை நாக்காலேயே துடைத்து எடுத்தது. அதற்கு ஏடுகள் மேல் உண்மையிலேயே பிரியம். அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் அன்றைக்கே ஒரு விதி போட்டது: கை கழுவாமல் ஏட்டைத் தொடக்கூடாது.

நல்ல விதிதான். கையைக் கழுவிக்கொண்டு வந்தார்கள். ஈரக்கையோடு ஏட்டைத் தொடக்கூடாது என்று அடுத்த விதி வந்தது. காயவைத்துக்கொண்டு வந்தார்கள். ஒரு முயல் எடுத்த ஏட்டை வேறு இடத்தில் செருகிவிட்டுப் போனது. உள்ளே யாரும் வரக்கூடாது, வாசலில் நின்று கேட்டால் நானே எடுத்துத் தருவேன் என்றது சுருளன். அதற்கும் பணிந்து வாசலில் நின்றார்கள்.

விதி போடும் ருசி கண்டுவிட்டால் அதை விடுவது கஷ்டம். கடைசியாக ஒரு விதியை யோசித்துப் போட்டது சுருளன். இன்ன ஏடு வேண்டும், அதில் இன்னது எழுதியிருக்கிறது என்று முன்னதாகச் சரியாகச் சொல்பவருக்கே ஏடு தரப்படும்!

வாலாயி தலையைச் சொறிந்தது. "ஏட்டுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சா, நான் ஏன் அண்ணே உன் வாசல்ல வந்து நிக்கிறேன்?"

"என்ன இருக்குன்னே தெரியாதவங்க கையில எப்படித் தர்றது?" என்றது சுருளன். "மதிப்புத் தெரிய வேண்டாமா?"

வாலாயி பதில் யோசித்தது. யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியதால் மரத்தில் ஏறிப் போய்விட்டது. அதன் பிறகு ஏடு கேட்டு வருகிறவர்கள் குறைந்தார்கள். பிறகு யாருமே வரவில்லை. சுருளன் ஒரு பெரிய கல்லை உருட்டி வந்து வாசலை அடைத்தது. கல்லுக்கும் பாறைக்கும் நடுவே ஒரு சின்ன இடுக்கு மட்டும் இருந்தது. அந்த இடுக்கில் ஒரு கண்ணை வைத்துப் பார்க்கும். ஏடுகள் வரிசையாக, அசையாமல், பளபளவென்று இருக்கும். சுருளனுக்கு மனசு குளிர்ந்துவிடும்.

கண்ணை எடுத்துவிட்டு நாக்கை விடும். உள்ளே கரையான் இருக்கும். முன்பு ஒன்றிரண்டு இருந்தது போய், இப்போது நாக்கை விட்ட இடமெல்லாம் கரையான். ஓடைக்கரைக்கு நடக்கிற வேலையே இல்லாமல் போயிற்று. அந்த இடுக்கு வழியாக வரும் வாசம் அதற்குச் சோற்றுப்பானை வாசம் போல இருந்தது.

"எவ்வளவு கரையான் படையெடுத்து வருது பாருங்க!" என்று போகிற வருகிறவரிடமெல்லாம் சொன்னது. "நான் மட்டும் இல்லேன்னா ஏடெல்லாம் என்னத்துக்கு ஆகும்?"

பாவம், ராப்பகலாகப் பாடுபடுகிறதே என்று எல்லாரும் இரக்கப்பட்டார்கள். அந்த வருஷக் கூட்டத்தில் சுருளனுக்கு மாலை போட்டார்கள். தலை எங்கே, கழுத்து எங்கே என்று தெரியாத அளவுக்கு அது கொழுத்திருந்ததால் மாலை வாலில் விழுந்தது. இத்தனை கரையானும் உள்ளே எதைத் தின்று பெருகுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியது சுருளன்தான். ஆனால் வயிறு நிறைந்தவனுக்கு இந்த மாதிரிக் கேள்வி வருவதில்லை.

அடுத்த வருஷம் மழை பொய்த்தது. ஓடை மணலாகிவிட்டது. மடுவில் தண்ணீர் குறைந்து குறைந்து, எருமைகள் புரளும் சேறாக மாறியது. கால் பலமுள்ள மிருகங்கள் இரண்டு நாள் நடையில் இருந்த ஏரிக்குப் போவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தன.

பொட்டம்மா என்ற சருகுமானால் அப்படிப் பேச முடியவில்லை. சருகுமான் முயல் அளவுதான் இருக்கும். அதற்குக் குட்டி பிறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. இரண்டு நாள் வெயிலில் அந்தக் குட்டி நடக்காது. தாய்க்குத் தண்ணீர் இல்லாமல் பால் சுரக்காது. பொட்டம்மா யோசித்துப் பார்த்துவிட்டு நேராக ஏட்டுக்குகைக்கு வந்தது.

"அண்ணே, ஊத்து ஏடுன்னு ஒண்ணு உண்டாமே? அந்தக் காலத்துல யானைக் கூட்டம் போறப்ப, ஓடை மணல்ல எங்க தோண்டினா தண்ணி வரும்னு சொல்லிட்டுப் போச்சாம். அதைக் கொஞ்சம் குடுங்கண்ணே."

"குடுக்கலாமே," என்றது சுருளன். "அதுல என்ன எழுதியிருக்குன்னு சொல்லு."

"தண்ணி எங்க இருக்குன்னு எழுதியிருக்கு."

"எங்க இருக்குன்னு?"

"அது தெரிஞ்சா நான் அங்கல்ல இருப்பேன், இங்க எதுக்கு வர்றேன்?"

"விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான் தங்கச்சி. உனக்கு ஒரு விதி, ஊருக்கு ஒரு விதின்னு வைக்க முடியுமா?"

பொட்டம்மா திரும்பிப் போனது. மறுநாள் மறுபடி வந்தது. அன்றைக்கு அதன் நடையில் தள்ளாட்டம் இருந்தது. குட்டி இரண்டு முறை மடியை முட்டிவிட்டு ஒன்றும் வராமல் படுத்துவிட்டதாகச் சொன்னது. சுருளனுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் விதியைத் தளர்த்தினால் நாளைக்குக் கருப்பட்டி தேனோடு வந்து நிற்குமே என்ற பயம் அந்த வருத்தத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"சரிண்ணே," என்றது பொட்டம்மா. "ஏட்டை எனக்குத் தர வேண்டாம். நான் தொடக்கூட மாட்டேன். நீங்களே உள்ள போய்ப் படிச்சு, வாயால எனக்குச் சொல்லுங்க. காவலர் படிக்கக்கூடாதுன்னு விதி இல்லையே?"

சுருளன் யோசித்தது. அப்படி ஒரு விதி இல்லை. முன்பே போடத் தோன்றவில்லையே என்று இப்போது வருத்தப்பட்டது. ஆனால் 'காவலர் படித்துச் சொல்வது' என்பதில் ஒரு கௌரவமும் இருந்தது. இத்தனை காலம் காவலிருந்தும் தான் ஒரு ஏட்டையும் படித்ததில்லை என்பதும் அப்போதுதான் அதற்கு உறைத்தது.

கல்லைக் கொஞ்சமாக உருட்டி, கிடைத்த சந்து வழியாக உள்ளே தலையை நீட்டியது. தலை போயிற்று. வயிறு போகவில்லை. பொட்டம்மா தன் சின்னத் தலையை வைத்துப் பின்னாலிருந்து முட்டியது. ஒரு வழியாகச் சுருளன் உள்ளே போய் விழுந்தது.

ஏடுகள் வரிசையாகத்தான் இருந்தன. சுருளன் பெருமையோடு முதல் கட்டைத் தொட்டது. மேல் ஏடு பொருக்கு மாதிரி உடைந்தது. அதற்குக் கீழே ஏடு இல்லை. மண் இருந்தது. அடுத்த கட்டை எடுத்தது. அதுவும் மண். கரையான் எப்போதும் அப்படித்தான், வெளித்தோலை விட்டுவிட்டு உள்ளே இருப்பதையெல்லாம் தின்றுவிடும். சுருளன் ஓடி ஓடி ஒவ்வொரு கட்டாகத் தொட்டது. தொட்டதெல்லாம் உதிர்ந்தது. கயிறுகூட மிச்சமில்லை.

"என்னண்ணே, கிடைச்சுதா?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

பொட்டம்மா எட்டிப் பார்த்தது. குகை நடுவே சுருளன் பந்தாகச் சுருண்டு கிடந்தது. சுற்றிலும் மண் குவியல்.

பொட்டம்மாவுக்கு நிலைமை புரிய அதிக நேரம் ஆகவில்லை. குட்டியை நினைத்து அதற்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. பந்தின் பக்கத்தில் போய் நின்று மெதுவாகத்தான் கேட்டது.

"கரையான் ஏட்டைத் தின்னுச்சு. நீங்க கரையானைத் தின்னீங்க. அப்ப ஏடெல்லாம் எங்கண்ணே போச்சு?"

பந்துக்குள்ளிருந்து பதில் வந்தது. "என் வயித்துக்குள்ள."

"முன்னெல்லாம் ஏட்டை எடுத்தோம், பிரிச்சோம், வெயில்ல போட்டோம். கரையானுக்குக் குடியிருக்க நேரமே கிடைக்கலை. நீங்க இருட்டுல பூட்டி வச்சு, அதுக்கு விருந்து வச்சிட்டீங்க," என்றது பொட்டம்மா. "சரி, எந்திரிங்க. சுருண்டு கிடந்தா என் பிள்ளைக்குப் பால் வராது. ஊத்து ஏட்டை முன்னாடி யாராவது படிச்சிருப்பாங்க. போய்க் கேப்போம்."

முதலில் கொண்டையனிடம் போனார்கள். ஏட்டைக் கொத்தியதே அதுதானே.

"கொத்தினது நான்தான்," என்றது கொண்டையன். "ஆனா கொத்தறப்ப என் கவனமெல்லாம் அடுத்த பொட்டு நேரா விழுதாங்கறதுலதான். என்ன சொன்னாங்கன்னு இன்னிவரைக்கும் ஒரு ஏடுகூட எனக்குத் தெரியாது."

அடுத்து கருப்பட்டியிடம் போனார்கள். சுருளனைப் பார்த்ததும் கரடிக்குச் சிரிப்பு வந்தது.

"ஊத்து ஏடா? படிச்சேனே. முதல்ல நீ சொல்லு சுருளா, அதுல என்ன எழுதியிருந்துச்சு? சரியாச் சொன்னாத்தான் நான் சொல்லுவேன்."

சுருளன் தலையைக் குனிந்துகொண்டது. உடம்பு சுருளப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொள்ளலாம் என்றால் பல்லும் இல்லை. பொட்டம்மாதான் கரடியை முறைத்தது. "மாமா, விளையாட்டெல்லாம் அப்புறம். பிள்ளை கிடக்கு."

கருப்பட்டி வெட்கப்பட்டுப் போயிற்று. "கோவிச்சுக்காத தாயி. ஓடை வளையற இடத்துல ஒரு நாவல் மரம் உண்டுன்னு எழுதியிருந்துச்சு. அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. மத்ததை நான் கவனிக்கலை. பழம் சம்பந்தப்பட்டது எதுவும் எனக்கு மறக்காது."

ஓடையில் ஒரு வளைவா இருக்கிறது? ஒன்பது வளைவு. பலவற்றில் நாவல் மரம் உண்டு. வாலாயியைக் கேட்டார்கள். மந்திக்கு மரம் நினைவில் இல்லை. ஆனால் மரத்துக்கு எதிரே காலை நீட்டி உட்கார வசதியாக ஒரு சப்பட்டைப் பாறை இருப்பதாக எழுதியிருந்தது நன்றாக நினைவிருந்தது.

"பாறைக்குக் கிழக்கே தோண்டணும்," என்றது வாலாயி.

"மேக்கேன்னுதான் எழுதியிருந்துச்சு," என்று கூடவே வந்த கருப்பட்டி சொன்னது. "இப்ப ஞாபகம் வருது."

இரண்டும் சண்டைக்கு நின்றன. வழியில் ஒரு முயல் காதை நிமிர்த்தியது. ஒரு காலத்தில் ஏட்டைத் தப்பான இடத்தில் செருகிவிட்டுப் போன அதே முயல்தான். "மேக்கேதான். வளை தோண்டறவ நான், மண்ணு விஷயத்துல தப்புப் பண்ணமாட்டேன். யானை முழங்கால் ஆழம்னுகூட எழுதியிருந்துச்சு," என்றது.

ஆளுக்கு ஒரு துண்டாக, அவரவர் ஆசைப்படி, ஊற்று ஏடு திரும்பி வந்துகொண்டிருந்தது. சுருளன் ஆச்சரியத்தோடு கேட்டுக்கொண்டே பின்னால் நடந்தது. தேன் கைக் கரடியும், தலையைச் சொறிந்த மந்தியும், ஏட்டை மாற்றி வைக்கிற முயலும்தான் ஏட்டைக் காப்பாற்றியிருந்தார்கள். காவலுக்கு இருந்த தனக்கு அதில் ஒரு வார்த்தை தெரியவில்லை.

ஏழாவது வளைவில் நாவல் மரமும் எதிரே சப்பட்டைப் பாறையும் சேர்ந்தே இருந்தன. பாறைக்கு மேற்கே மணல் அனலாகக் கொதித்தது.

"தள்ளிக்குங்க," என்றது சுருளன்.

கரையான் புற்றை உடைக்கவென்றே அமைந்த நகம் அதற்கு. வெகுநாளாக அதற்கு வேலையில்லை. கொஞ்ச நேரத்திலேயே மூச்சு வாங்கியது. நிறுத்தவில்லை. மேல் மணல் போயிற்று. கீழே மணல் கறுத்தது. நகத்தில் ஈரம் ஒட்டியது. யானை முழங்கால் ஆழம் வந்தபோது குழியின் அடியில் ஒரு உள்ளங்கை அளவுக்குத் தண்ணீர் ஊறி நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இரண்டு உள்ளங்கை ஆயிற்று.

எல்லாரும் விலகி வழிவிட்டார்கள். பொட்டம்மா குழிக்குள் இறங்கி, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் குடித்தது. பிறகு புதரை நோக்கி ஓடியது. அன்று சாயங்காலத்துக்குள் குட்டி வயிறு நிறையப் பால் குடித்துவிட்டுத் தாயின் காலுக்கடியில் தூங்கிவிட்டது. ஏரிக்குப் போகும் பேச்சை யாரும் அதன் பிறகு எடுக்கவில்லை.

மறுநாளே ஏட்டுக்குகையைக் கூட்டிப் பெருக்கினார்கள். வாசல் கல்லைக் கருப்பட்டி ஓடையில் உருட்டிவிட்டது. கொண்டையன் புது ஓலைகளோடு உட்கார்ந்தது. படித்ததில் நினைவிருப்பதை ஒவ்வொருவராக வந்து சொன்னார்கள். ஒருவர் மறந்ததை இன்னொருவர் எடுத்துக் கொடுத்தார். காய்ச்சல் பட்டை ஏடு வந்தது. வெள்ள ஏடு வந்தது. அரிக்கும் கிழங்கு ஏட்டைச் சொல்ல மட்டும் பதினோரு பேர் போட்டி போட்டார்கள். அத்தனை பேருக்கும் ஒரு காலத்தில் தொண்டை அரித்திருந்தது.

எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது கொண்டையன் கேட்டது: "சுருளா, உங்க அம்மா ஒரு நாள் வந்து ஒரு ஏடு சொல்லிட்டுப் போனாங்களே. அதையும் கொத்திடலாம். யாரு சொல்றீங்க?"

அந்த ஏட்டை யாரும் படித்ததில்லை. ஏடு சொன்ன சில நாளிலேயே அம்மா செத்துப்போக, சுருளன் அதை யார் கண்ணிலும் படாமல் குகையின் கடைசி மூலையில், பாறைக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தது. பொட்டு தேய்ந்துவிடுமோ என்று தானும் தடவிப் பார்க்கவில்லை. என்றைக்காவது ஒரு நாள் நிதானமாகப் படிக்கலாம் என்று வைத்திருந்தது. மற்ற ஏடுகளோடு அதுவும் மண்ணாகிவிட்டது.

"உனக்காவது எதுனா ஞாபகம் இருக்கா கொண்டையா?" என்று சுருளன் கேட்டது.

கொண்டையன் தலையைச் சாய்த்தது. "எனக்கு வார்த்தை எதுவும் தெரியாதுப்பா. அவங்க ரொம்ப நேரம் சொன்னாங்க. நடுவுல ஒரு தடவை உன் பேரைச் சொல்லிட்டுச் சிரிச்சாங்க. சிரிச்சதுல எனக்கு ஒரு பொட்டு கோணிப் போச்சு. அதனாலதான் அது மட்டும் ஞாபகம்."

அன்றைக்குச் சுருளன் சுருண்டுகொள்ளவில்லை.

"அதையே கொத்து," என்றது. "என் பேரைச் சொல்லிச் சிரிச்சாங்கன்னு கொத்து. கொத்தி வாசல்ல வை, எல்லாரும் எடுத்துப் படிக்கட்டும்."

அறிவைப் பூட்டி வைப்பவன் அதைக் காப்பாற்றுவதில்லை, தனக்கும் சேர்த்தே இழக்கிறான். நாலு பேர் கையில் தாராளமாகப் புழங்கும் அறிவுதான் அழியாமல் நிற்கும்.